ஊரில் இல்லாதபோது தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர்: எந்த வழி எத்தனை நாள் தாங்கும்?

கேள்வி இது: பதினைந்து நாள் வெளியூர்ப் பயணம். பால்கனியில் சிறிதும் பெரிதுமாக இருபது தொட்டிகள், வீட்டுக்குள் ஐந்தாறு. பால்கனியில் குழாய் இல்லை, மின்சாரம் உண்டு. பாட்டிலைக் கவிழ்த்து வைத்தால் போதுமா, பம்ப்பும் டைமரும் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

இதற்குப் பதில் சொல்ல முதலில் ஓர் எண் தெரிய வேண்டும். உங்கள் செடி ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது? "தினமும் ஒரு குவளை ஊற்றுவேன்" என்பது நீங்கள் ஊற்றும் கணக்கு. அதில் பாதி அடித்துளை வழியாக வழிந்து போயிருக்கலாம். செடி குடிக்கும் கணக்கு வேறு.

அதை அளப்பது எளிது. தொட்டி நிறையத் தண்ணீர் விட்டு, அடியில் வடிவது நிற்கும் வரை முக்கால் மணி நேரம் பொறுத்து, எடை போடுங்கள். 24 மணி நேரம் தண்ணீர் விடாமல் வைத்திருந்து மறுபடியும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி தண்ணீர். சின்னத் தொட்டிக்குச் சமையலறைத் தராசு போதும். பெரியதற்குப் பயணப் பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு உதவும், தொட்டியை ஒரு பையில் வைத்துத் தூக்கிப் பார்க்கலாம். இருபதையும் அளக்க வேண்டியதில்லை. சிறிது, நடுத்தரம், பெரிது எனப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் அதிகம் தாகமெடுக்கும் செடியை மட்டும் அளந்தால் போதும். ஆனால் ஊருக்குப் போகும்போது செடி எந்த இடத்தில் இருக்கப் போகிறதோ, அந்த இடத்தில் வைத்து அளக்க வேண்டும். வெயிலில் எடுத்த எண் நிழலுக்குப் பொருந்தாது.

தோராயமாகச் சொன்னால், நிழலில் இருக்கும், வாயகலம் 15 செ.மீ. உள்ள தொட்டி நாளுக்கு 50 முதல் 100 மி.லி. வரை இழக்கும். 20 முதல் 25 செ.மீ. தொட்டி 150 முதல் 300 மி.லி. வரை. நல்ல வெயிலில் புதராக வளர்ந்து காய் பிடித்த தக்காளி ஒரு லிட்டரைத் தாண்டும், சில நாள் இரண்டு லிட்டரும் கேட்கும். இங்கே கணக்கில் வருவது தொட்டியின் வாயகலம் அல்ல, இலைகளின் பரப்பு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். 40 செ.மீ. விட்டத்துக்குக் குடை விரித்த செடியின் பரப்பு சுமார் 0.126 சதுர மீட்டர். சூடும் காற்றும் உள்ள நாளில் 5 மி.மீ. ஆவியானால் 630 மி.லி. போய்விடும். அது 20 செ.மீ. தொட்டியில் நின்றாலும் அவ்வளவுதான் கேட்கும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சராசரி 250 மி.லி. என்று வைத்தால், 20 தொட்டி, 15 நாள், ஆக 75 லிட்டர். வெயில் கூடினாலோ திரும்பி வர ஒரு நாள் தாமதமானாலோ சமாளிக்கக் கால் பங்கு கூட்டினால் 94. ஏறக்குறைய நூறு லிட்டர் தண்ணீரை எங்கே வைப்பது, எப்படிப் பங்கிடுவது என்பதுதான் உங்கள் முன்னால் உள்ள பிரச்சினை. ஒரு லிட்டர் பாட்டில் 250 மி.லி. குடிக்கும் செடிக்கு, ஒழுங்காக வேலை செய்தாலும், நான்கு நாளைக்குத்தான் வரும். பாட்டில் கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

முதலில் தாகத்தைக் குறையுங்கள்

நூறு லிட்டரை ஐம்பதாக்குவது எந்தக் கருவியையும் விட மலிவான வேலை. நேர் வெயிலில் இருக்கும் தொட்டிகளை வெளிச்சமுள்ள நிழலுக்கு மாற்றினாலே பல செடிகளின் தேவை பாதியாகிவிடும். பதினைந்து நாள் வெயில் குறைந்ததால் செத்த செடி அபூர்வம். மூன்று நாள் வறண்டால் சாகும் செடிகள் ஏராளம். கம்பியில் தொங்கும் தொட்டிகளையும் கைப்பிடிச் சுவர்மேல் இருப்பவற்றையும் கீழே இறக்குங்கள். காற்று வெயிலுக்குச் சளைத்ததல்ல. எல்லாவற்றையும் சுவரோரமாக நெருக்கி வைத்தால் ஒன்றின் ஈரம் இன்னொன்றைக் காக்கும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு புதினா, துளசி வகைகளை மூன்றில் ஒரு பங்கு கத்தரித்து விடுங்கள். ரோஜா, செம்பருத்தியின் மொட்டுகளைக் கிள்ளுங்கள், தக்காளி, மிளகாயில் பறிக்கும் பதத்தில் இருப்பதைப் பறித்துவிடுங்கள். இரண்டு வாரம் முன்பிருந்தே உரம் வேண்டாம். உரம் போட்டால் தண்ணீர் அதிகம் கேட்கும் இளந்தளிர் வரும், மண் காயும்போது உப்புச் செறிவு ஏறி வேர் நுனி கருகும். மண்ணின் மேல் 3 முதல் 5 செ.மீ. கனத்தில் காய்ந்த சருகு, தேங்காய் நார், மரப்பட்டைத் துண்டு என ஏதாவது மூடாக்கு போடுங்கள். சுடுமண் தொட்டி தன் பக்கச் சுவர் வழியாகவும் தண்ணீரை இழக்கும். அதை அடியில் துளையுள்ள பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குள் இறக்கி, இடைவெளியில் ஈர நாரைத் திணித்தால் அந்த இழப்பு பெரிதும் அடைபடும்.

இதையெல்லாம் கடைசி இரவில் செய்யக் கூடாது. நான்கைந்து நாள் முன்பே செய்து முடித்து, அதன்பிறகு எடை போட்டால்தான் மேலே சொன்ன எண் உண்மையாக இருக்கும்.

ஒன்றுமே செய்ய வேண்டாத செடிகளும் உண்டு. கள்ளி, கற்றாழை, பாம்புச் செடி, சதைப்பற்றுள்ள இலை கொண்டவை எல்லாம் மூன்று வாரம் தாங்கும். அவற்றுக்கு எந்த ஏற்பாடும் வேண்டாம், கிளம்பும் அன்று பாசத்தில் நிறைய ஊற்றவும் வேண்டாம்.

வீட்டுக்குள் இருக்கும் இலைச் செடிகளுக்கு மிக எளிய வழி பிளாஸ்டிக் பை. தண்ணீர் விட்டு ஓர் இரவு வடியவிட்டு, பழுத்த இலைகளை எடுத்துவிட்டு, இலையில் பை ஒட்டாமல் இரண்டு மூன்று குச்சி நட்டு, ஒளி ஊடுருவும் பையால் தொட்டியோடு சேர்த்து மூடிக் கட்டுங்கள். ஆவியாகும் நீர் பையின் உட்புறத்தில் படிந்து மண்ணுக்கே திரும்பும். இரண்டு வாரம் சாதாரணமாகப் போகும். அந்தப் பையின் மேல் நேர் வெயில் பட்டால் செடி உள்ளேயே வெந்துவிடும். சதைப்பற்றுச் செடிக்கு இது ஆகாது, அழுகும். ஜன்னல் திரையை முழுக்க இழுத்து மூடிவிட்டுப் போவதும் தவறு. இருட்டில் செடி தண்ணீர் இழுப்பது குறையும், மண் ஈரமாகவே கிடக்கும், வேர் அழுகும்.

திரி

திரிப் பாசனம் எளிமையானது, மின்சாரம் வேண்டாம், சரியாக வைத்தால் வெள்ளம் வராது. சிறிய, நடுத்தரத் தொட்டிகளுக்கு நன்றாகப் போதும். ஆனால் "ஒரு கயிற்றை வாளியில் போட்டு மறுமுனையை மண்ணில் செருகு" என்ற அளவில் சொல்லி நிறுத்துவதால்தான் பலருக்கு அது தோற்கிறது.

திரி எதனால் ஆனது என்பது முதல் விஷயம். பருத்தி வேகமாக உறிஞ்சும், ஆனால் ஈர மண்ணில் சில வாரங்களில் மக்கும். ஒரு பயணத்துக்கு அது போதும். நிரந்தரமாக வைக்க அக்ரிலிக் நூல், பாலியஸ்டர் பின்னல் கயிறு, மைக்ரோஃபைபர் துணியின் கீற்று ஆகியவை நல்லவை. புதுச் செயற்கைக் கயிற்றில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும், அப்படியே போட்டால் தண்ணீரை இழுக்காது. சோப்புப் போட்டு அலசி எடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு முனையை நிறம் கலந்த தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. ஏறாத கயிறு இந்த வேலைக்கு உதவாது.

அடுத்தது உயரம். திரி தண்ணீரை ஏற்றும், ஆனால் உயரம் கூடக் கூட மெதுவாகும். தண்ணீர் மட்டத்துக்கும் தொட்டியின் அடிக்கும் இடையே 15 செ.மீ.க்கு மேல் போகாமல் பாருங்கள். தண்ணீர் தீரத் தீர மட்டம் இறங்கும், ஏற்ற வேண்டிய உயரம் கூடும். ஆகவே ஒடுங்கி உயர்ந்த பாட்டிலை விட அகலமான ஆழம் குறைந்த டப்பா மேல். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் நிரப்பி, மூடியில் ஒரு துளை போட்டு, அதன் வழியே திரியைத் தொங்கவிட்டு, தொட்டியை மூடியின் மேலேயே உட்கார வைப்பது நல்ல அமைப்பு. மூடி இருப்பதால் ஆவியாகாது, கொசு முட்டையிடாது.

திரியை மேலிருந்து மண்ணில் செருகுவதை விட, அடித்துளை வழியாக ஒரு மெல்லிய குச்சியால் 8 முதல் 10 செ.மீ. வரை உள்ளே தள்ளுவது நல்லது. 5 முதல் 6 மி.மீ. கனமுள்ள திரி 15 செ.மீ. தொட்டிக்கு ஒன்று, 20 முதல் 25 செ.மீ. தொட்டிக்கு இரண்டு மூன்று. அதற்கு மேல் பெரிய தொட்டியில், வெயிலில் நிற்கும் செடிக்குத் திரி ஈடுகொடுக்காது. தொடங்கும்போது திரியும் நனைந்திருக்க வேண்டும், மண்ணும் முழுக்க நனைந்திருக்க வேண்டும். காய்ந்த மண்ணை நனைத்தெடுக்கும் சக்தி திரிக்கு இல்லை, நனைந்த மண்ணை அப்படியே வைத்திருக்கத்தான் அதற்குத் தெரியும். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலந்த இலகுவான கலவையில் இது அருமையாக நடக்கும். களிமண் அதிகமானால் சேறாகவே கிடக்கும், வெறும் மணல் என்றால் ஈரம் மேலே ஏறாது.

ஒரு வாளியிலிருந்து பல தொட்டிகளுக்குத் திரி இழுத்தால், காற்றில் திறந்து கிடக்கும் பகுதி பாதி வழியிலேயே காயும், வெள்ளையாக உப்புப் பூக்கும். அந்தப் பகுதியை உறிஞ்சுகுழலுக்குள் செலுத்தி மூடுங்கள். வாளியின் நீர்மட்டம் மண்ணின் மட்டத்துக்கு மேல் இருந்தால் திரி சைஃபன் போல், அதாவது மேலே உள்ள நீரைத் தானாகக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும் குழாய் போல், வேலை செய்யும். மண் நிரம்பிய பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும், மூன்று நாளில் வாளி காலி, தரை ஈரம். நீர்மட்டம் எப்போதும் தொட்டியின் அடிக்குக் கீழே இருந்தால் இந்த ஆபத்து இல்லை.

கூட்டமாகச் சின்னத் தொட்டிகள் இருந்தால் திரிக்குப் பதில் தடித்த துண்டு அல்லது கம்பளி விரிப்பு போதும். விரிப்பின் ஒரு முனை கீழே உள்ள வாளித் தண்ணீரில் தொங்க, தொட்டிகளைத் தட்டு இல்லாமல் அதன் மேல் அழுத்தி வையுங்கள். துளை தரையோடு ஒட்டும் மெல்லிய பிளாஸ்டிக் தொட்டிக்கு மட்டுமே இது பலிக்கும். அடி தடித்த, கால் வைத்த தொட்டியில் மண் விரிப்பைத் தொடாது.

பாட்டில், சுடுமண் கூம்பு, மற்றவை

கவிழ்த்த பாட்டிலின் கோளாறு அதன் அடிப்படையிலேயே இருக்கிறது. தண்ணீர் வெளியேற வேண்டுமானால் அதே துளை வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். இலகுவான கலவையில் காற்று தாராளமாகப் போகும், ஒரு லிட்டரும் ஒரு மணி நேரத்தில் இறங்கி அடியில் வழிந்துவிடும். இறுகிய மண்ணில் துளை அடைபடும், பத்து நாள் கழித்தும் பாட்டில் நிறைந்தே இருக்கும். போதாக்குறைக்கு வெயில் பட்டால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து தண்ணீரைத் தள்ளும், இரவில் நின்றுவிடும். துளையைச் சின்னதாக்குவது, பஞ்சு வைப்பது எல்லாம் ஒரு தொட்டியில் சரியாகி அடுத்த தொட்டியில் தவறும்.

பாட்டிலுக்கு முன்னால் சுடுமண் கூம்பு மாட்டினால் நிலைமை மாறும். மண் காயும்போது அது கூம்பின் நுண்துளை வழியாகத் தண்ணீரை இழுக்கும், ஈரமாக இருந்தால் இழுப்பு குறையும். கூம்பை ஓர் இரவு முழுக்க ஊறவைத்த பிறகே செருக வேண்டும், சுற்றி மண்ணை அழுத்தி ஒட்டவைக்க வேண்டும். மெல்லிய குழாய் வழியாகக் கீழே உள்ள டப்பாவிலிருந்து உறிஞ்சும் வகையில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தாலும் ஓட்டம் அறுந்துவிடும். உப்பு நீர் என்றால் ஓரிரு பருவத்தில் துளைகள் அடைபடும், வினிகரில் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும்.

மெருகிடாத மண் கலயத்தைக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பும் முறையும் இதே தத்துவம்தான். சீனாவில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட முறை. ஆனால் வேர்கள் கலயத்தைச் சுற்றிப் பின்ன வாரக்கணக்காகும், அதனால் கிளம்புவதற்கு முந்தைய நாள் புதைத்துப் பயனில்லை. தொட்டியும் 40 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும்.

நீரை உறிஞ்சி ஊதும் பாலிமர் குருணையை நம்பிப் போகாதீர்கள். உர உப்புள்ள மண்ணில் அது டப்பாவில் எழுதிய அளவு ஊதாது. தட்டில் தண்ணீர் நிறுத்திவிட்டுப் போவது மூன்று நாளைக்குச் சரி, பதினைந்து நாளைக்கு வேரை மூழ்கடிக்கும்.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றும் குழாயை (புதியதாக, பிரிக்காததாக வாங்கி) ஒன்றிரண்டு செடிகளுக்குப் பயன்படுத்தலாம். பொதுவாக 20 சொட்டு ஒரு மில்லி, உறையில் எண் இருக்கும். நாளுக்கு 250 மி.லி. என்றால் 5,000 சொட்டு, அதாவது 17 விநாடிக்கு ஒன்று. இவ்வளவு மெதுவாக வைத்தால் உருளைப் பிடியின் கீழ் பிளாஸ்டிக் தளர்ந்தும் அழுந்தியும் ஓட்டம் தானாக மாறும், நீர்மட்டம் இறங்க இறங்க வேகமும் குறையும். நான்கைந்து நாளுக்கு ஓகே. இருபது தொட்டிக்கு இருபது குழாய் கட்டுவது வேண்டாத வேலை.

உங்களுக்கு ஏற்றது: டிரம், சின்ன பம்ப், டைமர்

இருபது தொட்டி, பதினைந்து நாள், மின்சாரம் உண்டு, குழாய் இல்லை. இதற்கு மூடியுள்ள 100 லிட்டர் டிரம், அதற்குள் மூழ்கும் சிறு பம்ப், 16 மி.மீ. குழாய், 4 மி.மீ. நுண்குழாய், நிமிடக் கணக்கில் அமைக்கக்கூடிய டிஜிட்டல் டைமர் போதும். குழாயோடு நேரடியாக இணைப்பதை விட இது ஒரு வகையில் நல்லதும்கூட: என்ன கெட்டுப்போனாலும் வீட்டுக்குள் வரக்கூடிய வெள்ளம் அந்த நூறு லிட்டர் மட்டுமே. எந்த ஏற்பாடாக இருந்தாலும், "இது பழுதானால் செடி காயுமா, வீடு நனையுமா?" என்று ஒரு முறை கேட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டிரம் வெளிச்சம் புகாத நிறத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் பாசி பிடித்துக் குழாய் அடைபடும். நிறைந்தால் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும், சுவரோரம் வைத்த பிறகு நிரப்புங்கள். பம்ப்பைத் தரையில் படாமல் ஓர் ஓட்டுத் துண்டின் மேல் 4 செ.மீ. உயர்த்தி, மெல்லிய நைலான் வலையால் சுற்றிக் கட்டுங்கள், வண்டல் ஏறாது. 12 வோல்ட் டி.சி. பம்ப் கிடைத்தால் அதுவே பாதுகாப்பு. நேரடி மின்சாரத்தில் ஓடும் பம்ப் என்றால் மின்கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. உள்ள இணைப்பில்தான் செருக வேண்டும். பிளக் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இருக்கட்டும், ஒயர் பிளக்கை அடையும் முன் ஒரு முறை கீழே தொங்கி மேலேறட்டும், அப்போது ஒயர் வழியே வரும் நீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

பெரும்பாலோர் சறுக்குவது சைஃபனில். டிரம்மின் நீர்மட்டம் குழாய் முனைகளை விட உயரத்தில் இருந்தால், பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். முதல் நாளே டிரம் காலியாகும், பம்ப் வெறுமனே ஓடித் தீயும். தீர்வு ஒரு துளைதான். பம்ப்பிலிருந்து மேலேறும் குழாயில், டிரம்மின் விளிம்புக்கு உட்புறமாக, நிறைந்த நீர்மட்டத்துக்கு மேலே, 2 மி.மீ. துளை போடுங்கள். ஓடும்போது அதிலிருந்து கொஞ்சம் டிரம்முக்குள்ளேயே பீய்ச்சும், போகட்டும். பம்ப் நின்றதும் அதன் வழியே காற்று புகுந்து சைஃபன் அறுபடும்.

16 மி.மீ. குழாயைத் தொட்டிகளைச் சுற்றி ஒரு வளையமாக ஓட்டி, இரு முனைகளையும் ஒரே டீ (T வடிவ) இணைப்பில் சேருங்கள். வளையமாக இருந்தால் தொலைவில் உள்ள தொட்டிக்கும் ஏறக்குறைய அதே அழுத்தம் கிடைக்கும். குழாய் முனை இணைப்பில் ஏற மறுத்தால் ஒரு நிமிடம் வெந்நீரில் நனைத்தால் இளகும். ஒவ்வொரு தொட்டிக்கும் நேராக அந்தக் குழாயில் துளை போட்டு, நுண்குழாய் செருகி, முனையை மண்ணுக்கு 2 செ.மீ. மேலே குச்சியில் கட்டுங்கள். மண்ணுக்குள் புதைத்தால் பம்ப் நிற்கும்போது சேற்றை உறிஞ்சி அடைத்துக்கொள்ளும்.

சின்ன பம்ப் தரும் அழுத்தம் மிகக் குறைவு. 10 மீட்டர் உயர நீர்த்தம்பம் ஒரு பார் அழுத்தம். ஒன்றரை மீட்டர் தூக்கும் பம்ப் தருவது 0.15 பார். அந்த அழுத்தத்தில் ஒரு தொட்டி அரை மீட்டர் உயர ஸ்டாண்டில் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு அழுத்தம் அங்கேயே செலவாகிவிடும். தரையில் உள்ளது மூழ்க, ஸ்டாண்டில் உள்ளது காயும். குழாய் முனைகளை எல்லாம் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு சொட்டவிடும் டிரிப்பர்கள் (குழாய் முனையில் மாட்டும் சொட்டுவான்கள்) சிறந்தவைதான், ஆனால் அவை ஒழுங்காக வேலை செய்ய அரை பார், ஒரு பார் வேண்டும். இங்கே அவற்றால் பயனில்லை. ஒரே நீளத்தில் வெட்டிய நுண்குழாய்களே, உதாரணத்துக்கு எல்லாம் 60 செ.மீ., ஒரே அளவு தண்ணீர் தரும். அருகில் உள்ள தொட்டிக்கு மிச்சக் குழாயைச் சுருட்டி வையுங்கள், வெட்டாதீர்கள். பெரிய தொட்டிக்கு இரண்டு குழாய், சிறியதற்கு ஒன்று. திருகி அளவு மாற்றும் டிரிப்பர் கவர்ச்சியாக இருக்கும், ஒரு துகள் சிக்கினால் போதும், வைத்த அளவு மாறிவிடும்.

இனி அளவு. எல்லா முனைகளின் கீழும் ஒவ்வொரு குவளை வைத்து, குழாயில் தண்ணீர் நிரம்பிய பிறகு சரியாக ஒரு நிமிடம் ஓட்டி அளங்கள். ஒரு முனை 60 மி.லி. தருகிறது என்றால் நாளுக்கு 250 மி.லி. கொடுக்க நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். அதைக் காலை 6 மணிக்கு இரண்டு நிமிடம், மாலை 5 மணிக்கு இரண்டு நிமிடம் எனப் பிரியுங்கள். ஒரேயடியாக விட்டால் காய்ந்த கோகோபீட் நனையாமல் தண்ணீர் தொட்டியின் ஓரமாக இறங்கிவிடும். ஒவ்வொரு முறையும் முதல் 20, 30 விநாடி குழாயை நிரப்பவே போகும் என்பதையும் சேருங்கள். இங்கேதான் டைமர் தேர்வு முக்கியம். வட்ட முகப்பில் ஊசிகளைத் தள்ளும் இயந்திர டைமரின் மிகக் குறைந்த அளவு பெரும்பாலும் 15 நிமிடம். நமக்கு வேண்டியது இரண்டு. மின்சாரம் போனால் அதன் கடிகாரமும் நின்று, அத்தனை நேரம் பிந்தி ஓடும். உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர்தான் சரி.

ஈர உணரி வைத்துத் தானியங்கியாக்கலாமே என்று கேட்கலாம். இரண்டு உலோகக் கால்கள் வெளியே தெரியும் மலிவான உணரி மின்பகுப்பால் சில வாரங்களில் அரித்துப்போகும். உலோகம் வெளியே தெரியாத கெபாசிட்டிவ் வகை நீடிக்கும். ஆனால் எந்த உணரியும் தான் செருகிய ஒரு தொட்டியைத்தான் அறியும். அது மண்ணிலிருந்து நழுவி வெளியே வந்தால் "வறட்சி" என்றே சொல்லிக்கொண்டிருக்கும், பம்ப் நிற்காது. ஒரு பயணத்துக்கு டைமரே நம்பகமானது.

குழாய் வசதி உள்ளவர்களுக்கு

குழாயில் மாட்டும் பேட்டரி டைமர், 120 மெஷ் (நுண்ணிய கண்ணுள்ள) வடிகட்டி, அழுத்தக் குறைப்பான், 16 மி.மீ. குழாய், மணிக்கு 2 லிட்டர் தரும் டிரிப்பர், இந்த வரிசையில் இணைக்க வேண்டும். 250 மி.லி.க்கு ஏழரை நிமிடம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் நீர் என்றால் அழுத்தத்தைக் கணக்கிடுங்கள்: நீர்மட்டம் 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். சாலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறந்து மூடுவது) உள்ள டைமர்கள் பல குறைந்தபட்ச அழுத்தம் கேட்கும், அது இல்லாவிட்டால் சரியாகத் திறக்காது, மூடாது. மோட்டாரால் திரும்பும் பந்து வால்வு வகை அழுத்தமே இல்லாவிட்டாலும் இயங்கும். இரண்டிலுமே, வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பேட்டரி தீர்ந்தால் திறந்தபடியே நிற்கக்கூடும். புது பேட்டரி போடுங்கள். டைமருக்கு மேலே உள்ள குழாயைக் கால்வாசி மட்டும் திறந்து வையுங்கள். சொட்டுநீருக்கு அது போதும், எங்கேயாவது குழாய் கழன்றாலும் கொட்டும் வேகம் குறையும்.

ஒத்திகை

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லாவற்றையும் மாட்டி, நீங்கள் ஊரில் இல்லாதது போலவே விட்டுவிடுங்கள். கையால் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. முதல் நாளும் ஐந்தாம் நாளும் ஒரே நேரத்தில் சில தொட்டிகளை எடை போடுங்கள். எடை ஏறியிருந்தால் நேரத்தைக் குறையுங்கள், இறங்கியிருந்தால் கூட்டுங்கள். எண் நகராமல் நின்றால் அளவு பொருந்திவிட்டது. தட்டில் தண்ணீர் தேங்கினால் தட்டை எடுத்துவிடுங்கள்.

இந்த வாரத்தில் வெளிவரும் தவறுகள் பெரும்பாலும் சில்லறைத் தவறுகள்: காலை, மாலை மாறி அமைத்த டைமர், ஆட்டோவில் வைக்காமல் ஆனில் விட்ட பொத்தான், மதிய வெயிலில் இளகிக் கழன்ற நுண்குழாய், குழாயைக் கடித்த அணில். அந்தந்த மாலையே சரிசெய்யக்கூடியவை, ஊரில் இருந்தால்.

டிரம்மின் வெளிப்புறத்தில் தேதி போட்டுக் கோடுகள் இழுங்கள்: இந்தத் தேதியில் தண்ணீர் இங்கே இருக்க வேண்டும் என்று. நடுவில் ஒரு முறை எட்டிப் பார்க்க யாராவது கிடைத்தால், அவருக்குச் செடி வளர்ப்பு தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோட்டையும் மட்டத்தையும் ஒப்பிட்டுச் சொன்னால் போதும். மட்டம் இறங்கவே இல்லை என்றால் பம்ப் ஓடவில்லை, வேகமாக இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

திரும்பி வந்ததும் ஏதாவது ஒரு தொட்டி காய்ந்து மண் ஓரத்தில் விலகியிருந்தால் மேலே ஊற்றாதீர்கள், இடுக்கு வழியாக ஓடிவிடும். தொட்டியைப் பாதி உயரம் வரை தண்ணீர் உள்ள வாளியில் இறக்கி, மேல்மண் நனையும் வரை, சுமார் அரை மணி முதல் ஒரு மணி நேரம், வையுங்கள். பிறகு எடுத்து வடியவிடுங்கள். இலை வாடி மண் ஈரமாக இருந்தால் அது தாகம் இல்லை, வேருக்குக் காற்று போதவில்லை. தண்ணீரை நிறுத்தி, தட்டை எடுத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். நிழலில் பழகிய செடிகளை மூன்று நான்கு நாளில் படிப்படியாக வெயிலுக்கு நகர்த்துங்கள், உரம் ஒரு வாரம் கழித்து. பம்ப்பையும் வலையையும் கழுவிக் காயவைத்து எடுத்து வையுங்கள். டைமர் அமைப்பையும் ஒவ்வொரு முனையின் நிமிட அளவையும் ஒரு தாளில் எழுதி டிரம்முக்குள்ளேயே போட்டுவைத்தால் அடுத்த பயணத்துக்கு மறுபடி அளக்கும் வேலை பாதி மிச்சம்.